448 பக்க நகரத்துக்கு என்ன விலை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் ஒருவர் உலகத்தை நடத்துகிறார். மற்றவர்கள் அந்த உலகத்தில் வாழும் ஆட்களாகிறார்கள். நடத்துபவருக்குத் துணையாக வரும் நூல்களில் நகரநூல் தனி வகை. அதில் கதை இருக்காது, இடம் இருக்கும். எந்தத் தெருவில் யார் கடை வைத்திருக்கிறார், அவர் யாரிடம் கடன்பட்டிருக்கிறார், இருட்டிய பிறகு எந்த வாயில் திறந்திருக்கும் என்பவைதான் சரக்கு. இவ்வகை விளையாட்டுகளில் முதலாவதான டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் வெளிவந்தது 1974இல். இரண்டே ஆண்டில், 1976இல், ஜட்ஜஸ் கில்டு என்ற பதிப்பகம் பெரிய வரைபடத்தோடு ஒரு முழு நகரத்தையே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆகவே இது பழைய சந்தை. வாங்குபவர்கள் பல நகரங்களைப் பார்த்துச் சலித்தவர்கள்.

மூன்று பேர் சேர்ந்து ஒரு கற்பனை நகரத்தை நூலாக்கி, தவறான விலை வைத்து, பின்னர் மாற்றியதை இங்கே பதிவு செய்கிறேன். மற்ற இருவரின் ஒப்புதலோடு எழுதுகிறேன், பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். நகரத்தை உருவாக்கியவர் பதினோரு ஆண்டுகளாகத் தம் நண்பர் குழுவுக்கு அதில் ஆட்டம் நடத்தியவர். அவரை எழுத்தாளர் என்றே குறிப்பிடுகிறேன். இரண்டாமவர் வரைபடக் கலைஞர். பக்க வடிவமைப்பும் அவர் பொறுப்பு. தொகுப்பாசிரியர் நான்.

கைப்பிரதி என்னிடம் வந்தபோது 3,10,000 சொற்கள் இருந்தன. ஆற்றின் இரு கரைகளிலும் ஒன்பது வட்டங்கள், அவற்றை இணைக்க ஒரே ஒரு பாலம். மாலை மணி அடித்த பிறகு பாலத்தைக் கடப்பவர் கையில் விளக்கு இருக்க வேண்டும் என்பது நகரச் சட்டம். விளக்கெண்ணெய் விற்கும் உரிமை ஒரே குடும்பத்திடம் இருந்தது. நகரத்தின் பாதிச் சண்டைகளுக்கு அந்த எண்ணெய்தான் காரணம். நல்ல கற்பனை என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை. விற்கக்கூடிய நூலா என்பதில்தான் இருந்தது.

முதல் சோதனை: துறைமுக வட்டம்

முழு நூலையும் அச்சுக்குத் தயாராக்கும் முன் ஒரே ஒரு வட்டத்தை மட்டும் 48 பக்கக் கோப்பாக வெளியிட்டோம். விலையை வாங்குபவரே தீர்மானிக்கலாம், பூஜ்யமும் சம்மதம் என்ற முறை. நான்கு மாதங்களில் 812 பேர் பதிவிறக்கிக்கொண்டார்கள். பணம் கொடுத்தவர்கள் 97 பேர், சராசரி 2.10 டாலர். விற்ற இணையதளத்தின் பங்கு போக எங்கள் கைக்கு வந்தது ஏறக்குறைய 143 டாலர்.

812 என்ற எண்ணைக் கண்டு எழுத்தாளர் மிகவும் மகிழ்ந்தார். என்னால் மகிழ முடியவில்லை. இலவசமாகக் கிடைப்பதை இறக்கி வைத்துக்கொள்வது இந்தப் பொழுதுபோக்கில் ஊறிய பழக்கம். திறந்துகூடப் பார்க்காத கோப்புகள் எல்லோரிடமும் உண்டு, என்னிடமும் உண்டு. பயன் தந்தவை வந்து சேர்ந்த 19 கடிதங்கள்தான். பதினொரு பேர் ஒரே பொருளைக் கேட்டிருந்தார்கள்: ஆடுபவர்கள் முன் விரித்துவைக்க, இடப்பெயர்களும் ரகசிய வழிகளும் இல்லாத வரைபடம். ஆறு பேர் பெயரடைவு, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல், கேட்டார்கள். நகரத்தின் வரலாற்றை இன்னும் விரிவாக எழுதுங்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கைப்பிரதியில் மூன்றில் ஒரு பங்கு வரலாறு.

மேசையில் என்ன நடக்கிறது என்று யோசித்தால் இதில் வியப்பில்லை. ஆட்டக்காரர் ஒருவர் திடீரென்று ஒரு கதவைத் தட்டுகிறார். நடத்துபவர் அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்து, படித்து, வாயைத் திறக்க அரை நிமிடம்தான் இருக்கிறது. எங்கள் நூலில் உப்புக் கிட்டங்கிக்கு 410 சொற்கள் இருந்தன. கட்டப்பட்ட ஆண்டில் தொடங்கி மூன்று தலைமுறை உரிமையாளர்கள், ஒரு தீ விபத்து, ஒரு வழக்கு என்று போய், கடைசி வரியில்தான் பின்கட்டுக் கிணற்றின் வழியாகக் கடத்தல்காரர்கள் வந்துபோவது தெரியவரும். ஆட்டத்துக்குத் தேவையான ஒரே செய்தி, யாரும் படித்து முடிக்காத இடத்தில் கிடந்தது.

அதைத் திருப்பிப் போட்டோம். நுழைந்தவுடன் கண்ணிலும் மூக்கிலும் படுவது முதல் வரி. இப்போது அங்கே இருப்பவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்பது இரண்டாவது. மறைப்பது மூன்றாவது. அதன்பின் அவரோடு தொடர்புடையவர்களும் அவர்கள் வரும் பக்க எண்களும். வரலாறு ஒரே வரி. கிட்டங்கி 120 சொற்களில் முடிந்தது. எல்லாப் பதிவுகளையும் இப்படி மாற்ற எட்டு மாதம் ஆயிற்று. வெட்டிய ஒவ்வொரு பத்திக்கும் எழுத்தாளர் வாதாடினார். சில இடங்களில் அவர் சொன்னதே சரி. முடிவில் 2,40,000 சொற்கள் மிஞ்சின. படங்களோடும் வரைபடங்களோடும் 448 பக்கம்.

யாருடைய விதிமுறை

இந்த முடிவு விரைவாகவே எடுக்கப்பட்டது. டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸின் அடிப்படை விதித்தொகுப்பு (5.1 பதிப்பு) 2023 ஜனவரி 27 அன்று நன்றிக் குறிப்போடு யாரும் பயன்படுத்தலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளிவந்தது. அந்த மாதம் முழுவதும் அந்த விதிகளைப் பிறர் பயன்படுத்த இடம்தந்த பழைய திறந்த உரிமம் நீடிக்குமா என்ற சர்ச்சை ஓடியதால், ஒரே விதிமுறையை நம்பி ஒரு நகரத்தைக் கட்டுவதில் எங்களுக்குத் தயக்கம் வந்திருந்தது. நூலை எந்த விதிமுறைக்கும் பொதுவாக எழுதினோம். ஆட்களின் வலிமையைச் சொற்களாலேயே குறித்தோம். எண்கள் வேண்டுவோருக்கு 24 பக்கத் துணைக் கையேடு ஒன்றை இலவசமாக இணைத்து, உரிமம் கேட்கும் நன்றிக் குறிப்பை அதன் முதல் பக்கத்தில் போட்டோம்.

எங்கே விற்பது என்பதும் இதோடு சேர்ந்தது. டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸுக்கான இணையக் கடையான டிஎம்ஸ் கில்டில் வெளியிடுபவருக்குக் கிடைப்பது விற்பனையில் 50 விழுக்காடு. அங்கே வெளியிட்டதை வேறெங்கும் விற்கவும் முடியாது. எல்லா விளையாட்டுகளுக்குமான டிரைவ்த்ரூஆர்பிஜி கடையில் அங்கு மட்டும் விற்பவருக்கு 70 விழுக்காடு, மற்ற இடங்களிலும் விற்பவருக்கு 65. நாங்கள் 70ஐத் தேர்ந்தோம். வேறு கடைகளை நடத்தும் தெம்பு மூவரிடமும் இல்லை.

ஒன்றா, ஒன்பதா

வட்டத்துக்கு ஒன்றாக ஒன்பது சிறு நூல்கள், தலைக்கு 5 டாலர் என்பது எழுத்தாளரின் திட்டம். 45 டாலரை ஒரே தடவையில் கேட்கக் கூசுகிறது, ஐந்து ஐந்தாகக் கேட்டால் வலிக்காது என்பது அவர் வாதம். இரண்டு காரணங்களுக்காக நான் மறுத்தேன். தொடர் வெளியீடுகளில் முதல் பகுதி விற்கும் அளவுக்கு ஐந்தாவது விற்பதில்லை. இரண்டாவது காரணம்தான் முக்கியம்: எண்ணெய்க் குடும்பம் ஒரு வட்டத்தில், அவர்கள் கையூட்டு கொடுக்கும் நீதிபதி இன்னொரு வட்டத்தில், அந்த நீதிபதியின் கள்ள மகன் துறைமுகத்தில். "பக்கம் 212 பார்க்க" என்ற குறிப்பு, வாசகர் இன்னும் வாங்காத நூலுக்கு இட்டுச்சென்றால், நாங்கள் விற்பது நகரமாக இருக்காது, ஒன்பது தெருக்களாக இருக்கும். வரைபடக் கலைஞர் என் பக்கம் நின்றதால் ஒரே நூல் என்று முடிவாயிற்று.

அச்சுக் கணக்கு

மொத்தமாக அச்சடிக்கலாமா, கேட்கும்போது ஒரு பிரதி அடிக்கும் பிஓடி முறையா? 448 பக்கம் என்றால், ஏ4க்கு நெருங்கிய லெட்டர் அளவில் 224 தாள்கள்; 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) தாளில் தாளின் எடை மட்டுமே 1.35 கிலோ. கெட்டி அட்டையைச் சேர்த்தால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். அவ்வளவு கனத்தை நாடு நாடாக அனுப்ப, அடுக்கிவைக்க, மூலை மடங்கித் திரும்பி வந்தால் மாற்றிக்கொடுக்க எங்களிடம் ஆளும் இல்லை, இடமும் இல்லை.

கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் ஆதரவாளர்களிடம் முன்கூட்டியே நிதி திரட்டும் யோசனை இருமுறை எழுந்து இருமுறையும் அடங்கியது. அங்கே 5 விழுக்காடு கட்டணமும் அதற்கு மேல் பணப்பரிமாற்றச் செலவும் உண்டு. அஞ்சல் செலவை ஆதரவாளர்கள் தரும் உறுதிப் பணத்தோடு சேர்த்து வாங்கினால் அந்தத் தொகைக்கும் கட்டணம் விழும். இவ்வளவு கனமான நூலுக்கு இது சிறிய செய்தி இல்லை. ஆனால் உண்மைக் காரணம் வேறு. மாதக்கணக்கில் ஆயிரம் பேரின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதை நினைத்து எழுத்தாளர் அஞ்சினார். அந்த முடிவு சரிதானா என்பதில் மூவருக்கும் இன்றுவரை ஒரே கருத்து இல்லை.

எனவே பிஓடி. முழு வண்ணத்தில் உயர்தரக் கெட்டி அட்டைப் பிரதி ஒன்றுக்கு எங்களுக்கு வந்த அடக்கவிலை 58 டாலர். கறுப்பு வெள்ளையில் 17. இந்த முறையில் விற்பனை விலையிலிருந்து அச்சுச் செலவைக் கழித்து, மீதியில்தான் 70 விழுக்காடு. வண்ணப் பிரதியை 60 டாலருக்கு விற்றால் எங்களுக்குக் கிடைப்பது 1.40 டாலர். அச்சுப் பிரதி கறுப்பு வெள்ளை, பிடிஎஃப் முழு வண்ணம் என்று தீர்மானித்தோம்.

விலை: முதல் முடிவு

கைப்பணமாகச் செலவழித்தது 6,000 டாலர். அட்டை ஓவியம் 900, உள்ளே 40 படங்கள் தலைக்கு 60 வீதம் 2,400, மெய்ப்புத் திருத்தம் சொல்லுக்கு ஒரு சென்ட் வீதம் 2,400, எழுத்துரு முதலியவை 300. எங்கள் மூவரின் உழைப்பு இந்தக் கணக்கில் இல்லை.

எழுத்தாளர் பிடிஎஃப்புக்கு 10 டாலர் என்றார். அந்த விலையில் பிரதிக்கு 7 டாலர் வரும்; போட்ட பணம் திரும்பவே 858 பிரதிகள் விற்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கும் எங்கள் வாசகர்கள் 97 பேர் என்பதுதான் கையிலிருந்த ஒரே சான்று.

எதிர்ப்பக்கத்தில் வரைபடக் கலைஞர் பக்கக் கணக்கு போட்டார். மான்ட்டி குக் 2006இல் வெளியிட்ட பெரும் நகரநூல் 672 பக்கம், 119.99 டாலர். அந்த வீதத்தில் எங்கள் 448 பக்கத்துக்கு 80 டாலர் வரும். வகுத்தல் சரி, ஒப்பீடுதான் பொருந்தாது. குக் 2000இல் வந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பை வடிவமைத்த மூவரில் ஒருவர். நகரத்தைத் திறந்து பார்க்கும் முன்பே அவர் பெயருக்குப் பணம் எடுத்துவைப்பவர்கள் இருந்தார்கள். மேலும், பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை வைத்தால், நாங்கள் வெட்டியெறிந்த 70,000 சொற்களும் நட்டம் என்றாகிவிடும். அந்த வெட்டுதான் நூலைப் பயன்படுத்தத் தக்கதாக்கியது.

இருவருக்கும் நடுவில் நின்று நான் 25 என்றேன். அதற்கு வலுவான காரணம் என்னிடமும் இல்லை, 343 பிரதிகளில் போட்ட முதல் திரும்பும் என்பதைத் தவிர. கடைசியில் பிடிஎஃப் 15, அச்சு 39 என்று இணங்கினோம். விலை வைத்த முறையை ஒளிக்காமல் சொன்னால், யாருக்கு மனம் குறைவாக நோகும் என்று பார்த்து வைத்த விலை அது.

வெளியீடும் வெளிப்பட்ட குறைகளும்

முதல் மூன்று மாதங்களில் 118 பிடிஎஃப், 31 அச்சுப் பிரதிகள். பிடிஎஃப்பில் 1,239 டாலர், அச்சில் 477 டாலர், மொத்தம் 1,716.

குறைகள் இரண்டு. இரண்டும் தவிர்த்திருக்கக்கூடியவை.

முதலாவது பாலம். நகரத்தின் பெரிய வரைபடம் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டில் விரிந்தது. ஆறு நடுவில் ஓடியதால் பாலம் மிகச் சரியாகப் பைண்டிங் மடிப்பில் விழுந்தது. 448 பக்கத் தடிமனில் அந்த மடிப்பு விரல்நகம்கூட நுழையாத பள்ளம். பாதிக் கதைகள் நடக்கும் இடம் அச்சுப் பிரதியில் இல்லவே இல்லை. போதாக்குறைக்கு, திரையில் பழுப்பாகவும் கரும்பச்சையாகவும் தெரிந்த சாக்கடை வழிகளும் மதில்களும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிவிட்டன. மாதிரிப் பிரதி எங்களிடம் வந்தது. நான் மூன்று நாள் எழுத்துகளைப் படித்தேன். வரைபடக் கலைஞர் அட்டையின் நிறத்தைப் பார்த்தார். நூலை மேசையில் விரித்துப் பாலத்தின்மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்தவர் யாருமில்லை.

இரண்டாவது பெயரடைவு. ஆறு பேர் முன்பே கேட்டது. பக்கங்கள் இறுதியான பிறகுதான் அடைவு தயாரிக்க முடியும், வடிவமைப்பு தாமதமானது, அறிவித்த நாள் நெருங்கியது. பிடிஎஃப்பில்தான் தேடும் வசதி இருக்கிறதே என்று சொல்லி விட்டுவிட்டோம். இது என் பிழை. தேடும் வசதி, பெயரை ஏற்கெனவே சரியாக நினைவில் வைத்திருப்பவருக்குத்தான் உதவும். "அந்த ஒற்றைக்கண் தோல் வியாபாரி" என்று மட்டும் நினைவிருப்பவர் எதைத் தட்டச்சு செய்வார்? அச்சுப் பிரதி வாங்கியவருக்கு அதுவும் இல்லை.

விலையைப் பற்றியும் கடிதங்கள் வந்தன. விலை அதிகம் என்று எழுதியவர் ஒருவர். இவ்வளவு குறைவாக இருப்பதால் ஏதோ அவசரத் தொகுப்பு என்று நினைத்துப் பல வாரங்கள் வாங்காமல் இருந்ததாக எழுதியவர்கள் மூன்று பேர். நான்கு கடிதங்களை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஆனாலும் எழுத்தாளரின் மனத்தை அசைத்தவை அவைதான். என் கூட்டல் கழித்தல்கள் செய்யாததை அவை செய்தன.

விலை: இரண்டாம் முடிவு

வெளியாகி மூன்று மாதம் முடிந்ததும் விற்பனையை நிறுத்தாமலேயே திருத்திய பதிப்பைத் தயாரித்தோம். வரைபடத்தை ஒற்றைப் பக்கத் துண்டுகளாக்கி, அடுத்தடுத்த துண்டுகளின் ஓரம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வெட்டினார் கலைஞர். சாக்கடைக்குப் புள்ளிக்கோடு, மதிலுக்குத் தடித்த கோடு, நிறத்தை நம்பவில்லை. 1,140 பெயர்களோடு 14 பக்க அடைவு சேர்ந்தது. அதில் தொழிலாலும் அடையாளத்தாலும் தேடலாம். "ஒற்றைக்கண்" என்பதும் ஒரு பதிவு. பக்கங்கள் 464 ஆயின, அச்சுச் செலவு 17.50 ஆயிற்று. ஏற்கெனவே பிடிஎஃப் வாங்கியவர்களுக்குப் புதிய கோப்பு இலவசமாகப் போனது. அச்சுப் பிரதி வாங்கிய 31 பேருக்கு வரைபடத் துண்டுகளைத் தனிக்கோப்பாக அனுப்பினோம். அது முழு ஈடு ஆகாது என்பது எங்களுக்குத் தெரியும்.

விலைக்கு இந்த முறை ஒரு காரணம் கண்டுபிடித்தோம். எந்த வடிவத்தை வாங்கினாலும் எங்களுக்கு ஏறக்குறைய ஒரே தொகை கிடைக்க வேண்டும். அப்போது வாசகரை இதை வாங்கு, அதை வாங்கு என்று தள்ள வேண்டியதில்லை. அந்தத் தொகை 20 டாலருக்கு அருகில் இருந்தால் 300 பிரதிகளில் போட்ட முதல் திரும்பிவிடும். பிடிஎஃப் 28 டாலர் என்றால் 19.60; அச்சு 45 என்றால் 19.25. அவ்வளவுதான் கணக்கு. கடைகளுக்கு விநியோகிப்பதை அதே தாளில் அடித்துவிட்டோம். விநியோகஸ்தர் வழியாகப் போனால் கழிவு 60 விழுக்காட்டு அளவில் இருக்கும். 45இல் மிஞ்சும் 18 டாலரில் அச்சுக்கே 17.50 போய்விடும்.

தொடர்ந்தது

அடுத்த மூன்று மாதங்களில் 94 பிடிஎஃப், 38 அச்சு. வருமானம் 2,574 டாலர். வெளியீட்டுப் பரபரப்பு அடங்கிய பிறகு விற்பனை சரிவதே வழக்கம். இங்கே பிடிஎஃப் எண்ணிக்கை குறைந்தது, அச்சு கூடியது, வருமானம் பாதியளவு உயர்ந்தது. விலையை உயர்த்தியதால்தான் இது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அடைவு, புதிய வரைபடம், புதிய விலை மூன்றும் ஒரே நாளில் மாறின. அதே மாதத்தில் ஆட்டம் நடத்துபவர் ஒருவர் நூலை விரிவாகப் பாராட்டி எழுதியிருந்தார். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. விலை உயர்வு நூலைக் கொல்லவில்லை என்பது மட்டும் உறுதி.

18 மாத முடிவில் 341 பிடிஎஃப், 122 அச்சு. இடையில் ஒரு வாரம் 30 விழுக்காடு தள்ளுபடியில் 40 பிடிஎஃப் போயின; அவை இந்த 341இல் அடக்கம். முதல் சோதனையில் வந்ததையும் சேர்த்து மொத்த வருமானம் ஏறக்குறைய 7,750 டாலர். செலவு போக 1,750. மூவருக்கும் தலைக்கு 580 டாலர் சொச்சம். பதினோரு ஆண்டு ஆட்டத்துக்கும் எட்டு மாத வெட்டலுக்கும் இதை மணிக்கணக்கில் வகுத்துப் பார்க்க வேண்டாம் என்று மூவரும் ஒப்புக்கொண்டோம்.

மீண்டும் செய்தால்

பெயரடைவு இல்லாமல் நாள் குறிக்கமாட்டேன். விலையை எழுத்து தொடங்கும் முன்பே பேசுவேன். 45 டாலர் கறுப்பு வெள்ளை நூல் என்று முதலிலேயே தெரிந்திருந்தால், வண்ணத்தை நம்பி வரைபடங்கள் வரையப்பட்டிருக்க மாட்டா, பாலமும் மடிப்பில் விழுந்திருக்காது. துறைமுக வட்டத்துக்கு 3 டாலர் என்று நிலையான விலை வைத்திருப்பேன். இறக்கியவர்கள் குறைந்திருப்பார்கள், ஆனால் வாங்குபவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைத்திருக்கும். விலையையும் உள்ளடக்கத்தையும் ஒரே நாளில் மாற்றமாட்டேன். ஆறு வார இடைவெளி விட்டிருந்தால் மேலே எழுதிய "பிரித்துச் சொல்ல வழியில்லை" என்ற வரி தேவைப்பட்டிருக்காது.

எழுத்தாளர் மாற்ற விரும்புவது வேறு. வெட்டிய 70,000 சொற்களை வரலாற்று நூலாகத் தனியே போட வேண்டும் என்கிறார். நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

முழு வண்ண அச்சுப் பிரதி கேட்டு இப்போதும் கடிதங்கள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் 58 டாலர் அடக்கவிலைக் கணக்கை அப்படியே எழுதி அனுப்பி, எங்கள் பங்கையும் சேர்த்தால் 86 ஆகும் என்கிறோம். பெரும்பாலோர் அதன்பின் எழுதுவதில்லை. இருவர் மட்டும் சரி என்று பதில் போட்டார்கள். அந்த இரண்டு பிரதிகளுக்காக அச்சுக்கோப்பை மறுபடி தயாரிப்பதா என்று வரைபடக் கலைஞர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.